கடல் பக்கம் காயும் சட்டைகள்

அத்தியாயம் 4

கட்டடம் முழுக்க அசைந்துகொண்டிருந்தவை மூன்று சட்டைகள் மட்டும்தான்.

மூன்றாம் மாடியில், கடலைப் பார்த்த பால்கனியில் அவை தொங்கின. ஒரு வெள்ளை, ஒரு நீலம், ஒரு கட்டம் போட்டது. மற்ற மாடிகளின் ஜன்னல்களில் கண்ணாடிகூட இல்லை. குடியிருந்தவர்கள் போன கையோடு யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். காற்று அந்தச் சதுர ஓட்டைகளுக்குள் நுழைந்து, உள்ளே ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு வெளியே வந்து, சட்டைகளைப் பிடித்து உலுக்கியது.

"இந்தத் தெருவுல வாடகை எப்படித் தெரியுமா பாஸ்?" என்றான் ஸ்பீக்கர். "கடல் தெரிஞ்சா ஒரு ரேட்டு. கடல் சத்தம் மட்டும் கேட்டா ஒரு ரேட்டு. ரெண்டும் கிடையாது, கட்டில் மட்டும் துருப்பிடிக்கும்னா அதுக்கும் ஒரு ரேட்டு. போன வருஷம் நான் அந்த மூணாவது ரேட்டுலதான் இருந்தேன். காலையில எழுந்தா முதுகுல கட்டிலோட டிசைன் அப்படியே இருக்கும்."

"அதனாலதான் இப்ப என் ஆபீஸ் சோபாவுல தூங்கறியா?"

"அது மரம் பாஸ். நம்பிக்கையான பொருள்."

நங்கூரம் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பறியும் தொழிலில் பதினாறு வருஷம். ஒரு சந்தேகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டால் அது தீரும்வரை எழுந்திருக்க மாட்டாள் என்று போலீஸ்காரர்கள் வைத்த பெயர் அது. ஸ்பீக்கர் அவளுடைய உதவியாளன், முப்பதைத் தாண்டியவன். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கூட இரண்டு நிமிஷம் நின்றால் போதும்.

கேட்டைத் தள்ளினார்கள். துரு உதிர்ந்து கையில் ஒட்டியது.

"மணலோட உள்ள வராதீங்க!"

குரல் வந்த திசையில், முற்றத்தின் நடுவில், ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்காலி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடத்தைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. உலகத்தில் பாதிப் பேர் எந்தக் காட்சிக்காக ஏங்குவார்களோ அதைப் பின்னால் விட்டுவிட்டு, காலி ஜன்னல்களை அவள் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல கால் கழுவுங்க. அப்புறம் பேசலாம்."

மாடிப்படியின் அடியில் ஒரு குழாய். பக்கத்துச் சுவரில் எண் எழுதிய கொக்கிகளோடு ஒரு பலகை. மூன்றாம் எண் கொக்கியில் மட்டும் இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகள் தொங்கின. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மற்றக் கொக்கிகள் காலி.

"மணலுக்கு ஒரு செருப்பு, படிக்கு ஒரு செருப்பு. மணல்ல போட்டது இங்க தொங்கணும். கால் கழுவிட்டு, படிச் செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் மேல ஏறணும். எங்க கழட்டினாலும் முனை சுவத்தைப் பார்த்து இருக்கணும். முப்பது வருஷமா இந்த வீட்டுல இதான் சட்டம்."

"ஜெயில்லகூட ஒரு ஜோடிதான்" என்று முணுமுணுத்தபடி ஸ்பீக்கர் ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளினான். வீட்டுக்காரம்மா எழுந்து வந்தாள். பேசிக்கொண்டே குனிந்து அந்த ஷூக்களைத் திருப்பி, முனை சுவரைப் பார்க்கும்படி ஒட்டி வைத்தாள். தான் குனிந்ததே அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கொட்டாவி வந்தால் கை தானாக வாய்க்குப் போகுமே, அப்படி.

"விஷயத்துக்கு வாங்க" என்றாள் நங்கூரம்.

விஷயம் ஒரு பழைய காகிதத்தில் இருந்தது. வீட்டுக்காரம்மா அதைப் பிளாஸ்டிக் உறையோடு நீட்டினாள்.

மூன்றாம் மாடியில் குடியிருப்பவரைத் தெருவே கேப்டன் என்றுதான் கூப்பிடும். அவர் கப்பல் ஓட்டியதில்லை. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அலையில் சிக்கிய வீட்டுக்காரரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவர். அந்த நன்றியில் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இது. கேப்டன் உயிரோடு இருக்கும்வரை வாடகை ஏறாது, வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. அவர் இந்த வீட்டிலேயே இறந்தால், அப்போது கூடவே வசிக்கும் பிள்ளைக்கு அதே உரிமை தொடரும். கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது. தொடர்ந்து முப்பது நாள் அவர் இந்த வீட்டில் இல்லையென்றால் எல்லாம் ரத்து.

"கடைசி வரி, கையெழுத்தாகறதுக்கு முன்னாடி நான் சேர்த்தது" என்றாள் வீட்டுக்காரம்மா. "என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாச்சு. காப்பாத்தினவர் இன்னும் என் தலை மேல உட்கார்ந்திருக்காரு. கட்டடத்தை இடிச்சு ஓட்டல் கட்ட ஆள் ரெடி. எல்லா மாடியும் காலி பண்ணியாச்சு. இந்த ஒரு வீடுதான் பாக்கி."

"இப்ப என்ன பிரச்சினை?"

"ஆள் உள்ள இல்லை. பொண்ணு இருக்கா. நாலு மாசமா வந்து ஒட்டிக்கிட்டிருக்கா. புருஷன் வேண்டாம்னு வந்தவ. அப்பா தூங்கறாரு, அப்பா குளிக்கறாருன்னு கதை விடறா. ரெண்டு மணிக்கு ரேடியோவைப் போடறா. சட்டையைத் துவைச்சுத் துவைச்சுக் காயப் போடறா. நான் போய்க் கேட்டா கதவைச் சாத்தறா. நீங்க பார்த்து, ஆள் இல்லைன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. அது போதும்."

"சந்தேகம் எப்பலேருந்து?"

"இந்த வாரம்தான்."

"அவரைக் கடைசியாப் பார்த்தது?"

"போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. இன்னியோட இருபத்தொம்பது நாள். நாளைக்கு முப்பது."

"அம்மா," என்றான் ஸ்பீக்கர் பணிவாக, "எங்க அம்மாகிட்ட என் பிறந்த நாளைக் கேட்டா, மழைக்காலத்துலன்னுதான் சொல்லுவாங்க. நீங்க என்னடான்னா, வாடகைக்கு இருக்கறவரைக் கடைசியாப் பார்த்த நாளைக் கிழமையோட சொல்றீங்க. குடுத்து வெச்ச மனுஷன்."

வீட்டுக்காரம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நங்கூரம் மட்டும் அந்தக் காகிதத்தை உறைக்குள் மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தள்ளினாள்.

மூன்றாம் மாடிக் கதவு சங்கிலி போட்டபடி நாலு விரல் திறந்தது. கண் வீங்கிய ஒரு முகம். முப்பத்தைந்து வயசிருக்கும்.

"அப்பா தூங்கறாரு."

"நாங்க இன்னும் கேட்கவே இல்லையேம்மா" என்றான் ஸ்பீக்கர்.

"கீழ இருக்கறவ அனுப்பினாளா?"

"ஆமாம்" என்றாள் நங்கூரம். "அவங்கதான் கட்சிக்காரங்க. ஆனா நான் பொய் எழுத மாட்டேன். நீ கதவைத் திறக்கலைன்னா, திறக்கலைன்னுதான் எழுதணும். அது உனக்கு நல்லதா கெட்டதா, நீயே யோசிச்சுக்கோ."

சங்கிலி விழுந்தது.

முன்னறை சின்னது. சுவரில் உப்பு பூத்து, சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஸ்விட்சுகளின் திருகாணிகள் பச்சையாகியிருந்தன. ஃபிரிட்ஜின் காலுக்கடியில் பழைய ரப்பர் துண்டுகள். கதவுக் கீல்களில் எண்ணெய்ப் பிசுக்கு. பத்தொன்பது வருஷமாக ஒரு மனிதர் கடலோடு தினமும் சண்டை போட்டு, ஒரு நாளும் தோற்காமல், ஒரு நாளும் ஜெயிக்காமல் வாழ்ந்த வீடு. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"அப்பாவை எழுப்ப முடியாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எழுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நங்கூரம் பால்கனிக்குப் போனாள். சட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். விரலை நாக்கில் வைத்தாள். பிறகு வீட்டின் மறுபக்கம் நடந்து, தெருவைப் பார்த்த சின்னத் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கொடி. நைலான் கயிறு, கப்பலில் பழகிய கையின் இறுக்கமான முடிச்சு. அதில் இரண்டு சுடிதார், ஒரு துண்டு, ஒரு போர்வை.

திரும்பி வந்து, முன்னறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போச்சு" என்றான் ஸ்பீக்கர் அந்தப் பெண்ணிடம். "உட்கார்ந்துட்டாங்க. இனிமே உண்மையைச் சொல்லிடறது உடம்புக்கு நல்லது. போன தடவை ஒருத்தர் வீட்டுல இப்படி உட்கார்ந்து, கடைசியில அவரே பயந்து போலீசுக்குப் போன் பண்ணிட்டாரு."

"நீ எங்கம்மா வேலை பார்க்கறே?" என்று கேட்டாள் நங்கூரம்.

"கடலோர ஓட்டல்ல. லாண்டரியில. சட்டைக்கு இஸ்திரி போடறது."

"ஒரு நாளைக்கு எத்தனை சட்டை?"

"நூறு, நூத்தியிருபது."

"அப்ப சட்டையைப் பத்தி உனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. கடல் பக்கம் துணி காய்ஞ்சா என்ன ஆகும்?"

அவள் பால்கனிப் பக்கம் பார்த்தாள்.

"காயாது" என்றாள் நங்கூரம். "உப்புக் காத்து பட்டுப் பிசுபிசுன்னு ஆயிடும். கிளிப்போட துரு தோள்ல இறங்கும். போட்டுக்கிட்டா உடம்பெல்லாம் அரிக்கும். இந்தத் தெருவுல ஒரு வாரம் இருந்தவங்களுக்கே தெரியும். உங்க அப்பா அதுக்குத்தான் தெருப் பக்கம் கொடி கட்டியிருக்காரு. உன் துணியெல்லாம் ஒழுங்கா அங்கதான் காயுது. அவர் சட்டை மட்டும் இங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் துணி காயணும். அவர் துணி தெரியணும். கீழ நாற்காலியில உட்கார்ந்திருக்கறவங்களுக்கு."

வெளியே ஒரு அலை உடைந்தது. நங்கூரம் படுக்கையறைக் கதவைப் பார்த்தாள்.

"அப்பா உள்ள இருந்திருந்தா, இந்த சட்டையைப் பார்த்துட்டு ஒரு சத்தம் போட்டிருப்பாரு. சத்தம் போட ஆள் இல்லை. கதவைத் திற."

அவள் திறக்கவில்லை. ஸ்பீக்கர்தான் போய்த் தள்ளினான். சுருக்கமே இல்லாத விரிப்பு போட்ட கட்டில். தலைமாட்டில் ரேடியோ. அவ்வளவுதான்.

"இருபத்தொம்பது நாளா காலிக் கட்டிலுக்கு ரேடியோ நியூஸ் போட்டுக் காட்டிட்டிருந்திருக்கீங்க" என்றான்.

அந்தப் பெண் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று ஸ்பீக்கர் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. ரொம்பக் களைத்துப்போய் ஒரு மூட்டையை இறக்கி வைக்கிற குரலில் சொன்னாள்.

"அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு மணல் வழியா வந்தேன். தினமும் அந்த வழிதான். தடுப்புச் சுவர்கிட்ட அப்பாவோட செருப்பு இருந்தது. ஜோடியா. வீட்டுக்கு வந்தா அவர் இல்லை. கடல்லதான் போயிட்டாருன்னு தெரிஞ்சுது. செருப்பை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்."

"போலீசுக்குச் சொல்லலையா?"

"சொன்னா அவர் செத்தது உண்மையாயிடும். கடல்ல செத்தா இந்த வீட்டுல செத்ததா ஆகாது. அன்னிக்கே என்னை வெளிய தள்ளிடுவா."

"தேடவும் இல்லையா?"

"கடல்ல எங்க போய்த் தேடறது?"

"எத்தனை நாளைக்கு இப்படிச் சட்டை துவைக்கறதா உத்தேசம்?" என்றான் ஸ்பீக்கர். அவன் குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"முடிஞ்ச வரைக்கும்." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "உங்களுக்கென்ன சார், ஆம்பளை. பை ஒண்ணைத் தூக்கிட்டுப் போனா எவனாவது ரூம் குடுப்பான். நான் இங்க வர்றதுக்கு முன்னால பதினோரு வீடு ஏறி இறங்கினேன். தனியாவா, புருஷன் எங்கே, ராத்திரி ஷிஃப்ட் உண்டா, யாராவது வருவாங்களா. ஒருத்தன் ஈரச் சுவத்துக்குப் பக்கத்துல பாத்ரூம் மாதிரி ஒரு ரூமைக் காட்டி, அதுக்கும் யோசிச்சுச் சொல்றேன்னான். எனக்கு வேற போக்கிடம் கிடையாது. அப்பா போயிட்டாரு. வீடாவது மிஞ்சட்டும்னு நினைச்சேன். அது தப்பா?"

"செருப்பைக் கொண்டு வா" என்றாள் நங்கூரம்.

அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து அவள் எடுத்து வந்தது ஒரு ஜோடி தோல் செருப்பு. வார் மெருகேறி, தேய்ந்து, சுத்தமாக இருந்தது. நங்கூரம் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

"ஸ்பீக்கர், கீழ மூணாம் நம்பர் கொக்கியில எத்தனை ஜோடி இருந்தது?"

"ரெண்டு பாஸ். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்..." அவன் பாதியில் நிறுத்தினான். "அடடா."

"சொல்லு."

"மணல் செருப்பு கொக்கியிலயே இருக்கு. இது படிச் செருப்பு. பத்தொம்பது வருஷமா அந்தம்மாகிட்ட திட்டு வாங்கினவர், தோல் செருப்பைப் போட்டுக்கிட்டா மணல்ல இறங்குவாரு? சாகப் போறவர்கூட இந்த வீட்டுலேருந்து போனா ரப்பர் செருப்புதான் போட்டுட்டுப் போவாரு பாஸ்."

நங்கூரம் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு. சுவர்கிட்ட செருப்பு எப்படி இருந்தது? முனை எந்தப் பக்கம்?"

"சுவத்தைப் பார்த்து. ஒட்டி. வீட்டுல வைக்கற மாதிரியே."

"கடலுக்குள்ள நடந்து போறவன் செருப்பைக் கடலைப் பார்த்து விட்டுட்டுப் போவான். இல்லை, உதறிட்டுப் போவான். கடலுக்கு முதுகைக் காட்டி, சுவத்துக்கு ஒட்டி, அழகா ஜோடி சேர்த்து வெச்சுட்டுப் போக மாட்டான். கையில எடுத்துட்டு வந்த ஒருத்தர் குனிஞ்சு வெச்சிருக்காங்க. வைக்கறப்ப கை தன்னால திருப்பியிருக்கு."

"இந்த வீட்டு ஆள்" என்றான் ஸ்பீக்கர்.

"இந்த வீட்டுல இப்ப இருக்கறதே ரெண்டு பேர். ஒருத்தி அந்தச் செருப்பை ஒளிச்சு வெச்சவ. மணல்ல வெச்சவளே எடுத்து ஒளிக்க மாட்டா." நங்கூரம் குரலை உயர்த்தாமல் வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "உள்ள வாங்கம்மா. மூணு மாடி ஏறி வந்துட்டு எதுக்கு வெளியவே நிக்கறீங்க?"

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தாள். வாசலில் படிச் செருப்பைக் கழற்றினாள். முனை சுவரைப் பார்த்தது. தன் கால் செய்த வேலையை அவளே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலையில படியில விழுந்தாரு" என்றாள், தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற சாதாரணத்தோடு. "வாய் கோணிப் போச்சு. ஒரு பக்கம் கை கால் வரலை. நானே பார்த்தேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டாருன்னு நினைச்சேன். என் படியில செத்தா என் வீட்டுல செத்ததா ஆயிடும். இவ ஆயுசு முழுக்க இங்க உட்கார்ந்துடுவா. வண்டி பிடிச்சு அனுப்பிட்டேன்."

"எங்க?"

"ரொம்ப தூரத்துல. யாரும் இல்லாதவங்களைச் சேர்க்கற ஒரு ஆஸ்பத்திரி. ரோட்டோரத்துல கிடந்தாரு, பேர் தெரியலைன்னு சொல்லி விட்டேன். நல்ல வண்டிதான். ஏசி வண்டி. நான் ஒண்ணும் கொலைகாரி இல்லை."

"செருப்பு?"

"கடல்ல போயிட்டாருன்னு இவ ஊரைக் கூட்டுவா, அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுடும்னு நினைச்சேன்." முதல்முறையாக அவள் குரலில் கோபம் வந்தது. "பெத்த அப்பன் செருப்பை மணல்ல பார்த்துட்டு, சத்தம் போடாம பையில போட்டுக்கிட்டுப் போறாளே! இப்படி ஒருத்தி இருப்பாள்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்க முடியுமா? முப்பது நாள் எண்ணறதைத் தவிர வேற வழி?"

தரையில் உட்கார்ந்திருந்தவள் மெல்ல எழுந்தாள். "உயிரோட இருக்காரா?"

"நீ ஒரு போன் பண்ணியிருந்தா" என்றாள் நங்கூரம், "போலீஸ் ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிருக்கும். பேர் தெரியாத நோயாளிங்க லிஸ்ட்டை எடுத்தா முதல் பக்கத்துலயே இருந்திருப்பாரு." பிறகு வீட்டுக்காரம்மாவிடம் திரும்பினாள். "நீங்க கேட்ட அறிக்கையை எழுதித் தர்றேன். ரெண்டு வரி. முதல் வரி, அவர் இங்க இல்லை. ரெண்டாவது வரி, அவரைத் தூக்கிட்டுப் போனது நீங்க."

"முதல் வரி போதும்."

"பாஸ் சில்லறையா விக்கறதில்லைம்மா" என்றான் ஸ்பீக்கர்.

வீட்டுக்காரம்மா இதற்கும் அசரவில்லை. "எழுதிக்கோங்க. கோர்ட்டு, கேஸுன்னு போனா பத்து வருஷம். அதுக்குள்ள அவர் எங்கயாவது செத்துடுவாரு. இங்க சாகலைன்னா எனக்குப் போதும். நம்பர் வேணுமா? இந்தாங்க, நீங்களே பேசுங்க."

நங்கூரம் போனை எல்லாருக்கும் கேட்கும்படி போட்டு மேஜை மேல் வைத்தாள். ஐந்தாவது முறை மணி அடித்ததும் ஒரு இளம் நர்ஸ் எடுத்தாள். அடையாளம் சொன்னதும் அவள் குரல் துள்ளியது.

"கடைசி கட்டில் தாத்தாவா? அவருக்கு ஆள் இருக்கா? ஐயோ, நாங்க தினமும் பேசிக்குவோம்! அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வரும். பேர் என்னன்னு கேட்டாலும் அதுதான், பசிக்குதான்னு கேட்டாலும் அதுதான். 'பொண்ணு'. வந்த நாள்லேருந்து 'பொண்ணு, பொண்ணு'ன்னே இருக்காரு."

மகளின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"இப்ப எப்படி இருக்காரு?" என்றாள் நங்கூரம்.

"அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு மேடம். இதயமும் ரொம்ப பலவீனம். வண்டியில ஏத்தினா தாங்க மாட்டாரு. ஆனா காது நல்லாக் கேக்கும். பொண்ணு அங்க இருக்காங்களா? போனை அவர் காதுல வைக்கறேன். பேசச் சொல்லுங்க."

போனில் ஏதோ உரசியது. பிறகு மூச்சுச் சத்தம். ஈரத் துணியைத் தரையில் மெதுவாக இழுப்பதுபோல, விட்டு விட்டு வந்தது.

எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் போனைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. அப்புறம் நங்கூரத்தின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குத்தானே முப்பது? இப்ப வண்டி அனுப்பினா காலையில வந்துடலாம் இல்ல?" அவள் வேகமாகப் பேசினாள், யாரும் குறுக்கே புகுந்துவிடக் கூடாது என்பதுபோல. "படி ஏறற வரைக்கும் உயிர் இருந்தா போதும் இல்ல மேடம்? இந்தக் கட்டில்ல படுக்க வெச்சுட்டா, அப்புறம் என்ன ஆனாலும் வீட்டுல ஆனதுதானே?"

ஸ்பீக்கர் பாய்ந்து போனை அணைக்கக் கை நீட்டினான். இரண்டு கேள்விகளுக்கு முன்னால் நீட்டியிருக்க வேண்டும்.

மூச்சுச் சத்தம் நின்றது. தொடர்ந்தது. தொண்டைக்குள் ஏதோ புரண்டது. பிறகு உரசல், பிறகு நர்ஸின் குரல், ஒரே சந்தோஷத்தில்.

"மேடம்! புது வார்த்தை வந்திருக்கு! 'மாட்டேன்'ங்கறாரு! நல்லாத் தெளிவா, 'மாட்டேன்'! இருபத்தொம்பது நாள்ல இதான் முதல் தடவை. இங்க பக்கத்துக் கட்டில்காரங்கெல்லாம் கை தட்டறாங்க. என்ன பேசினீங்க? இன்னொரு தடவை பேசுங்களேன்!"

"கேட்டீங்கல்ல?" என்றாள் வீட்டுக்காரம்மா. "வர மாட்டாராம். எனக்கு நீங்க ரெண்டு பேரும் சாட்சி."

"அவருக்குப் புத்தி சரியில்லை!" மகள் போனை நோக்கிக் கத்தினாள். "சிஸ்டர், அவர் பேச்சைக் கேட்காதீங்க. நான்தான் பொண்ணு. எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன். வண்டியில ஏத்துங்க!"

"ஏத்தித்தான் பாரேன். வழியிலயே போகட்டும்."

"நீ தூக்கிட்டுப் போனதுக்கு உன்னை உள்ள தள்ளறேன்டி!"

"நீ பையில போட்டுக்கிட்டதுக்கு?"

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவர் நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வீடு வேண்டியிருந்தது. நடுவில் மேஜை மேல், யாரும் தொடாமல், அந்த மூச்சு திரும்பவும் கேட்க ஆரம்பித்திருந்தது. நர்ஸ் இன்னொரு வார்த்தை வருமென்று போனைக் காதில் வைத்திருந்தாள் போலிருக்கிறது.

நங்கூரம் நாற்காலியை விட்டு எழுந்தாள். போனை எடுத்து, சத்தத்தைத் தன் காதுக்கு மட்டுமாக்கி, வாயருகில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, உங்க சட்டையெல்லாம் கடல் பக்கம் கிடக்கு. உள்ள எடுத்து வெச்சுடறோம்."

என்ன பதில் வந்தது என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் பால்கனிக்குப் போனான். சட்டைகள் பிசுபிசுவென்று இருந்தன. இருபத்தொன்பது நாளாகத் துவைத்துத் துவைத்து மாட்டியதில், கிளிப் பிடித்த இடங்களில் எல்லாத் தோள்களிலும் துரு இறங்கியிருந்தது. இஸ்திரிக்காரியின் கை பட்ட காலர் மட்டும் கத்தி மாதிரி நின்றது. கீழே முற்றத்தில் பிரம்பு நாற்காலி காலியாக, கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேல் பார்க்க ஆளில்லாத வெள்ளைச் சட்டையின் முதல் கிளிப்பை அவன் கழற்றினான்.

உள்ளேயிருந்து மகளின் குரல், சண்டைக்கு நடுவில், அவனை நோக்கிப் பாய்ந்து வந்தது.

"சார், அதுல கை வைக்காதீங்க! அங்கேயே கிடக்கட்டும். நாளைக்கு வரைக்கும் வெளிய தெரியணும்!"